நெட் வெயிட்

பொள்ளாச்சி அச்சகத்துக்காரர்
ஐயாயிரம் சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டார்.
எடை மேடையின் பேர், வேலந்தாவளம் என்கிற ஊர்,
போன் நம்பரில்கூடப் பிழையில்லை.
நெட் வெயிட் என்ற இடத்தில் மட்டும்
எடை போடுகிற வெயிட்டுக்குப் பதில்
காத்துக் கிடக்கிற வெயிட்.

“அட, படிச்சா ஒண்ணுதானே புள்ள” என்றார் முதலாளி.
தமிழில் எழுதினால் ஒன்றுதான்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம்
மலையாளத்தில் எழுதினாலும் ஒன்றுதான்.
இங்கிலீஷில்தான் எடைக்குள்
ஜி, ஹெச் என்று இரண்டு பேர்
கூடுதலாக ஏறிக்கொள்கிறார்கள்.
வாயே திறப்பதில்லை.
தார்ப்பாய்க்கு அடியில் மூச்சடக்கிப் படுத்து
செக்போஸ்ட் தாண்டுகிறவர்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டிலும்
நீலப் பேனாவால் இரண்டு எழுத்தை அடித்து
மேலே நாலு எழுத்து எழுதுகிறேன்.
சம்பளத்தில் இது சேராது.
பிளஸ் டூ இங்கிலீஷில்
நூற்றி நாற்பத்தொன்று வாங்கியவளின் வீம்பு.

முதலாளி கைப்பட எழுதி மாட்டிய பலகையை
என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.
மேடை மேல் பிரேக் அடிக்காதே என்பதற்கு
மேடை மேல் உடைந்துபோகாதே என்று எழுதியிருக்கிறார்.
லாரிகள் இதுவரை சொன்ன பேச்சைக் கேட்கின்றன.

தேங்காய் லோடுக்காரர் ஒருவர்
ஜன்னலில் தலை நீட்டி “வெயிட் எத்ர?” என்றார்.
“பத்து நிமிஷம்” என்றேன்.
அவர் டன்னில் கேட்டிருந்தார்.

சித்திரையில் ஒரு ராத்திரி, ஒன்பது பத்துக்கு
எல்தோவின் வண்டி மேடை ஏறியது.
குன்னத்தூர்ச் சந்தையில் ஏற்றிய பதினாலு காளைகள்.
கொம்பில் பச்சைப் பெயிண்ட் இன்னும் பிசுபிசுத்தது.
நெட், நாலாயிரத்து முந்நூற்றிப் பத்து.
அடித்தேன், திருத்தினேன், கொடுத்தேன்.

மாட்டு டாக்டர் சர்ட்டிபிகேட்டில் ஒரு சீல் குறைகிறதாம்.
ஓரங்கட்டச் சொன்னார்கள்.
டாக்டர் வருகிறார் என்றார்கள்.
டாக்டர் காலையில்தான் என்றார்கள்.
எல்தோ யார் யாருக்கோ போன் போட்டான்.
பிறகு வந்து பக்கெட் கேட்டான்.
ஒரு பக்கெட்டுக்குப் பதினாலு மூக்கு.
நாலாவது மாட்டோடு தீர்ந்தது.
குழாயைத் திருகினால் காற்று.

மூன்று மணிக்கு விட்டார்கள்.
அந்தப் பக்கத்து வியாபாரிக்குப் புதுச் சீட்டு வேண்டும் என்று
வண்டி மறுபடி ஏறியது.
நாலாயிரத்து நூற்றித் தொண்ணூறு.

மிஷினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.
டார்ச் அடித்து எண்ணினேன், பதினாலு.
எதுவும் இறங்கியிருக்கவில்லை.
ஒன்று மட்டும் வெளிச்சத்தைப் பார்த்தது,
மற்றவை அதுகூட இல்லை.

“தூக்கம் போயி, சேச்சி” என்றான் எல்தோ.
“எனக்கும்தான்” என்றேன் கொட்டாவியோடு.
அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
எடைக்கு அவர்கள் ஊரில் தூக்கம் என்று பேர்.
அது எனக்குத் தெரியும்,
மூன்று மணிக்கு மறந்துவிட்டது.
“நின்னா குறையும். சாணி, மூத்திரம், வேர்வை.
பின்னே பேடி” என்று
கையை விரித்துக் காட்டினான்.

ஆறு மணி நேரத்துக்கு நூற்றிருபது கிலோ.
பேனாவின் மூடியைக் கழற்றினேன்.
மூடினேன்.
அந்த ஒரு சீட்டை மட்டும்
அச்சகத்துக்காரர் அடித்தபடியே கொடுத்தேன்.
எல்தோ படிக்காமல் நாலாக மடித்துப்
பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த வண்டி செங்கல்.
செங்கல் எத்தனை நாள் நின்றாலும் குறையாது.
இரண்டு எழுத்தை அடித்து
நாலு எழுத்து எழுதினேன்.